முத்துச் சலாபத்தில் வெளிப்படும் இத்தாலியர் பண்பு

ஒரு மக்களினத்தின் பண்பினை அதன் அரசர் வரலாற்றில் மட்டும் தேடுதல் போதாது. அம்மக்கள் பிறர் நாட்டில் எதனை உற்றுநோக்கினர், எதனைக் கணக்கிட்டனர், எதனைக் கூறாது விட்டனர் என்பவற்றிலும் அப்பண்பு புலனாகும். இத்தாலியரை அவ்வாறு அறிதற்கு ஏற்ற களங்களுள் மன்னார்க் குடாவின் முத்துச் சலாபமும் ஒன்றாகும். வெனிஸ் நகரத்தார் இருவர், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு இடைவெளியில், அதனைப் பற்றி எழுத்தில் வைத்துள்ளனர்.

வெனிஸ் கடற்காயலிடையே எழுந்த நகரம். உழுதுண்ண நிலமற்ற அதன் மக்கள் உப்பும் மீனும் விற்று வாழத் தொடங்கி, கப்பலாலும் கணக்காலும் செல்வராயினர். முதலையும் இடரையும் பலர் பங்கிட்டுக்கொள்ளுதல் அவர்தம் அன்றாட வழக்கு. வணிகக் கூட்டினைக் குறிக்கும் 'கொம்பாஞ்ஞியா' என்ற இத்தாலியச் சொல், ஒருங்கிருந்து ரொட்டி உண்போர் என்னும் கருத்தில் பிறந்ததாகும். போர்த்துக்கேயர் வாயிலாக இலங்கைத் தமிழில் புகுந்த 'பாண்' என்பதும் அதே இலத்தீன் வேரினது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழி சென்ற மார்க்கோ போலோவின் நூல், ஜெனோவாச் சிறையில் 1298இல் அவர் சொல்லப் பிறர் எழுதியது. வணிகர் கூட்டுச் சேர்ந்து, முத்துக்குளிப்போரைக் கூலிக்கு அமர்த்தி, ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை தொழில் நடத்தினர் என்று அந்நூல் கூறுகிறது. மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. பிற்காலத்தில் கடற்கட்டி எனப்பட்ட இத்தொழிலோருக்கு ஆங்கிலேய அரசாங்கமும் ஊதியம் அளித்ததுண்டு. மந்திரத்தைக் கண்டவிடத்தும் அதற்குரிய பங்கைக் குறிக்க மறவாமை வெனிசிய வணிகனின் இயல்பு.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர் வந்தவர் சேசரே பெடரிச்சி. 1563இல் வெனிசை விட்டுப் புறப்பட்ட அவர், பதினெட்டாண்டுப் பயணத்தை 1587இல் நூலாக வெளியிட்டார். கரையில் புதிதாகத் தோன்றும் குடிசைகளும் கடைகளும், கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் மூழ்குவோர், அவர் கொண்டுசெல்லும் கூடை, மாலையில் குவிக்கப்படும் சிப்பி என யாவற்றையும் அவர் ஒழுங்குற விவரிக்கிறார். அரித்தெடுத்த முத்துகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. விலையை மதித்துரைத்தவரை அவர் 'சித்தினி' என்கிறார். செட்டி என்னும் தமிழ்ச் சொல் இங்ஙனம் இத்தாலிய ஏட்டில் ஏறியது.

இவ்விரு குறிப்புகளிலும் ஒரே மனப்பாங்கு காணப்படுகிறது. அயலாரின் தொழிலை இகழாமல், அதன் செய்முறையைப் படிப்படியாக அறிய முயலும் ஆர்வம் அது. கைவினைஞர் கூட்டங்களும் சந்தைகளும் நிறைந்த நகரங்களில் வளர்ந்தோர்க்கு உழைப்பின் நுட்பம் காணத்தக்க பொருளாயிருந்தது. ஆயின் அப்பார்வைக்கு எல்லையும் உண்டு. பங்கும் தரமும் விலையும் பதிவாயின. மூச்சடக்கி மூழ்கியவருள் ஒருவர் பெயரேனும் பதிவாகவில்லை. முத்தைக் கொள்பவன் கண்ணுக்கு முத்தே முதன்மையாயிற்று.

அரிப்பு, சிலாபத்துறைக் கரைகளில் சலாபம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நலிந்து மறைந்தது. முத்துக்குளித்தோர் தம் தொழிலை ஏட்டில் எழுதி வைத்தாரல்லர். அவர்தம் திறனுக்கு அந்நியர் நூல்களே இன்று சான்றாகின்றன. ஆகவே அந்நூல்களை இத்தாலியரின் பண்பறியப் படிப்பதோடு அமையாது, அவற்றுள் பெயரின்றி நிற்கும் மன்னார்க் கரையின் உழைப்பாளரை அறியவும் படித்தல் வேண்டும்.