ஏழு கடல் மைல்: ஒரு தண்டனையின் வரலாறு

இத்தாலியின் சிசிலித் தீவு தெற்கே முடியும் முனையில் போர்ட்டோபாலோ என்னும் சிறிய மீனவ ஊர் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அவ்வூர் மீனவர்களின் இழுவலைகளில் மீனோடு மனித உடல்களும் ஏறின. அவர்கள் அவற்றைக் கடலிலேயே திரும்பப் போட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை முடியும்வரை படகு துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும், பிழைப்பு கெடும் என்ற அச்சமே காரணம். ஊர் முழுதும் அறிந்த இச்செய்தி நான்காண்டுகள் ஊரைத் தாண்டவில்லை. பிறகு ஒருநாள் மீனவர் ஒருவரின் வலையில் நெகிழி உறையிட்ட அடையாள அட்டை ஒன்று சிக்கியது. அது இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவருடையது. அந்த அட்டை இல்லாதிருந்தால், குடியேறிகளைக் கடத்திய கப்பல் தலைவர் ஒருவருக்கு இத்தாலிய நீதிமன்றம் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்த நிகழ்வுக்கு வாய்ப்பே இருந்திராது.

நடந்தது இது. 1996-ஆம் ஆண்டு இலங்கைத் தமிழரும், பஞ்சாபைச் சேர்ந்த இந்தியரும், பாகிஸ்தானியருமாகப் பல நூறு பேர் முகவர்களிடம் பெருந்தொகை கொடுத்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்கள். கப்பல் மாறிக் கப்பல் ஏறிப் பல வாரங்கள் நடுக்கடலில் காத்திருந்தபின் 'யோகான்' என்ற சரக்குக் கப்பல் அவர்களை மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்புக்குக் கொண்டுவந்தது. கப்பல் கரையை நெருங்கினால் பிடிபடும். ஆகவே டிசம்பர் 25 நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கையில், எஃப் 174 என்ற மரப்படகில் அவர்கள் இறக்கப்பட்டார்கள். படகின் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். அதில் முந்நூறு பேருக்கு மேல் ஏற்றப்பட்டார்கள். மறுத்தவர்களும் வற்புறுத்தி இறக்கப்பட்டதாகப் பிழைத்தவர்கள் பின்னர் கூறினார்கள்.

படகில் நீர் ஏறத் தொடங்கியது. உதவி கேட்டு அழைத்தபோது யோகான் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் படகின் மீதே மோதியது. சிலர் மட்டும் கயிறு பற்றி மீண்டும் கப்பலில் ஏறினார்கள். குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள் என்பது இன்று ஏற்கப்பட்டுள்ள கணக்கு. பிழைத்தவர்களைக் கப்பல் கிரேக்கத்தில் இறக்கிவிட்டது. அவர்களுள் சிலர் நாஃப்பிலியோ நகரக் காவலரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். செய்தி முகமைகள் வழியே உலகம் அதை அறிந்தது. இத்தாலிய அதிகாரிகள் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். 'ஆவிக் கப்பல்விபத்து' என்ற பெயர் அதற்கு வாய்த்தது. சொன்னவர்கள் முறையான ஆவணம் இல்லாதவர்கள். அவர்களது வாய்மொழி நாடுகடத்தும் உத்தரவுக்குப் போதுமானதாயிற்று, கொலை வழக்குக்குப் போதுமானதாகவில்லை.

மீனவர் கண்டெடுத்த அட்டை 'லா ரிபப்ளிகா' இதழின் செய்தியாளர் ஜோவன்னி மரியா பெல்லுவை எட்டிய பிறகே நிலை மாறியது. 2001 ஜூன் மாதத்தில் தொலைவிலிருந்து இயக்கப்படும் நீரடிக் கருவி ஒன்று, மீனவர் காட்டிய இடத்தில் இறக்கப்பட்டது. 108 மீட்டர் ஆழத்தில் படகின் உடைந்த உடலும் அதைச் சுற்றி மனித எலும்புகளும் படமாயின. வாய்திறந்த மீனவரை ஊர் பாராட்டவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஊரின் பெயரைக் கெடுத்தவர் என்றே பலர் கருதினார்கள். நான்காண்டு மௌனத்தைக் கண்டிப்பது எளிது. ஆனால் ஓர் அரசு தன் வசதியின் பொருட்டு நம்ப மறுத்ததையும், ஒரு மீனவர் தன் அன்றாடக் கூலியின் பொருட்டு வாய்மூடியதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

ஆக, சான்று கிடைத்துவிட்டது. சட்டச் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. படகு கிடந்த இடம் கரையிலிருந்து 19 கடல் மைல் தொலைவு. ஒரு நாட்டின் ஆட்சிக்கடல் எல்லையோ 12 கடல் மைல். ஏழு மைல் இடைவெளியில் குற்றம் இத்தாலியின் நிலத்துக்கு வெளியே போய்விட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அயல்நாட்டினர், இறந்தவர்களும் அயல்நாட்டினர். அயல்நாட்டினர் ஒருவர் இன்னொரு அயல்நாட்டினருக்கு எதிராக வெளியிடத்தில் செய்த குற்றத்தை இத்தாலி விசாரிக்க வேண்டுமானால், அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சில நிபந்தனைகளை விதிக்கிறது: நீதி அமைச்சர் கோர வேண்டும், குற்றவாளி இத்தாலிய மண்ணில் இருக்க வேண்டும், குற்றத்துக்குரிய தண்டனை குறைந்த அளவிலேயே மூன்றாண்டுச் சிறையாக இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற குற்றம் அந்த அளவை எட்டாது. ஏழு மைல் இப்பால் படகு மூழ்கியிருந்தால், தகுதியற்ற கலத்தில் அளவுக்கு மீறி ஆளேற்றிய கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டே ஒருவரைக் கூண்டில் ஏற்றப் போதும். அப்பால் மூழ்கியதால், அறிந்தே செய்த கொலை என்று காட்டினாலொழிய வழக்கே நிற்காது. 18 மீட்டர்ப் படகில், டிசம்பர் மாதக் கடலில், முந்நூறு பேரை இறக்குகிறவர் அவர்கள் சாகக்கூடும் என்று அறிந்திருந்தாரா, அறிந்தும் அதை ஒரு செலவாக ஏற்றுக்கொண்டாரா என்பதே வினா. நீண்டு இழுத்த வழக்கின் முடிவில் கப்பல் தலைவருக்கும், பயணத்தை ஏற்பாடு செய்தவர்களுள் ஒருவருக்கும் 30 ஆண்டு விதிக்கப்பட்டது. பாதுகாப்பற்ற கலம் என்பது இங்கே விபத்தின் காரணமாக அல்ல, கொலையின் கருவியாகக் கருதப்பட்டது.

இவ்வழக்கு நடந்த காலத்திலேயே பன்னாட்டுச் சட்டமும் மாறிக்கொண்டிருந்தது. குடியேறிகளைக் கடத்துவதற்கு எதிரான ஐ.நா. நெறிமுறை 2000-இல் ஏற்கப்பட்டு 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2011-இல் அதை உறுதிசெய்தது. (தமிழ் நாளிதழ்கள் சிறுவரைத் தூக்கிச்செல்வது, பெண்களை விற்பது, குடியேறிகளைப் படகேற்றுவது ஆகிய மூன்றுக்கும் 'ஆட்கடத்தல்' என்ற ஒரே சொல்லை ஆள்கின்றன. சட்டத்தில் இவை வெவ்வேறு.) கடத்தப்பட்டவர்களின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது தண்டனையைக் கடுமையாக்கும் காரணம் என்று அந்நெறிமுறையின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. கடத்தப்பட்ட காரணத்துக்காகவே குடியேறியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார்: சுக்கான் பிடித்தவர்.

யோகானின் தலைவர் யார் என்பதில் ஐயம் எழவில்லை. அவர் கப்பலோடு திரும்பிப் போனவர். பின்வந்த வழக்குகளில் இத்தெளிவு இல்லை. 2015 ஏப்ரல் 18 அன்று லிபியாவுக்கு வடக்கே மீன்பிடிக் கலம் ஒன்று, காப்பாற்ற வந்த 'கிங் ஜேக்கப்' என்ற சரக்குக் கப்பலின் மீது மோதிக் கவிழ்ந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; 28 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுள் ஒருவரான துனீசிய இளைஞரே கலத்தை ஓட்டினார் என்று கண்ட கட்டானியா நீதிமன்றம், 2016 டிசம்பரில் அவருக்கு 18 ஆண்டும், உடனிருந்த சிரிய நாட்டவருக்கு 5 ஆண்டும் விதித்தது. தாமும் ஒரு பயணியே என்று அந்த இளைஞர் கடைசிவரை வாதிட்டார். ஆங்கிலக் கால்வாயில் 2022 டிசம்பரில் காற்றடைத்த படகு ஒன்று சிதைந்து குறைந்தது நால்வர் இறந்தபோது, அதை ஓட்டிய செனகல் நாட்டு இளைஞருக்கு 2024-இல் கேன்டர்பரி நீதிமன்றம் ஒன்பதரை ஆண்டு விதித்தது. கட்டணம் இல்லாமல் இடம் கிடைக்கும் என்பதற்காகப் படகோட்ட ஒப்புக்கொண்டவர் அவர். முகவர்கள் இப்போது தம் ஆளைப் படகில் அனுப்புவதில்லை. சுக்கானை ஒரு பயணியிடம் கொடுத்துவிட்டுக் கரையில் நின்றுகொள்கிறார்கள். சிக்குவதற்கென்றே ஒருவரை உள்ளே வைக்கும் இம்முறை, சட்டம் எதுவரை எட்டும் என்பதை நன்கு படித்தவர்களின் ஏற்பாடு.

மரணங்களுக்குத் தண்டனை ஒரு பக்கம். இறந்தவரின் வீட்டார் நிலை மறுபக்கம். உடல் கிடைக்காத சாவு இந்தியாவில் எளிதில் சாவாகாது. ஏழாண்டுகள் செய்தியே இல்லாதிருந்தால்தான் இறந்ததாகக் கருத இடமுண்டு என்றது, 2024 வரை நடைமுறையிலிருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. மகன் வெளிநாட்டில் எங்கோ இருக்கிறான் என்று முகவர் சொன்ன பொய்யும் சட்டம் கேட்ட காத்திருப்பும் பஞ்சாபின் கிராமங்களில் ஒன்றாகவே நடந்தன.

2001-இல் இத்தாலியின் நோபல் பரிசாளர் நால்வர், எஃப் 174-ஐயும் அதிலிருந்த உடல்களையும் மேலே கொண்டுவரக் கோரினார்கள். அது நடக்கவில்லை. 2015-இல் மூழ்கிய கலத்தையோ இத்தாலியக் கடற்படை மறு ஆண்டே 370 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கிச் சிசிலிக்குக் கொண்டுவந்தது. மிலான் நகரத் தடயவியல் மருத்துவர் கிறிஸ்தினா கத்தானேயோவின் குழு, உள்ளே இருந்தவர்களின் சட்டைப்பைகளையும் பற்களையும் கொண்டு பெயர் தேடும் பணியில் இறங்கியது. எஃப் 174 போர்ட்டோபாலோவுக்கு அப்பால், அதே 108 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.