இரண்டு நெருப்புக் குச்சிகள்: சாரணர் சின்னங்களின் கதை

பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகாரம் படித்தபோது நாடுகாண் காதையில் 'சாரணர்' என்ற சொல்லைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே வருபவர்கள் வான்வழி சென்றுவரும் ஆற்றலுள்ள சமண முனிவர்கள். என் மனக்கண்ணில் நின்றவர்களோ காக்கிக் களிசானும் கழுத்துத் துணியுமாய்ப் பாடசாலை மைதானத்தில் முடிச்சுப் போட்டுப் பழகும் பொடியன்மார். அகராதியில் சாரணன் என்றால் ஒற்றன் என்றும் பொருளுண்டு. ஸ்கவுட் என்பதற்கு இச்சொல்லைத் தேர்ந்தவர் அந்தப் பொருளைத்தான் எண்ணியிருக்க வேண்டும்.

ஒற்றாடலிலிருந்துதான் கதையே தொடங்குகிறது. 1897 முதல் இரண்டு வருடங்கள் இந்தியாவில் ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ரொபர்ட் பேடன் பவல், தன் சிப்பாய்களுக்குத் துப்புப் பார்க்கும் கலையைப் பழக்கினார். தேறியவர்களின் சட்டைக் கையில் அணிய ஒரு சின்னம் கொடுத்தார். திசைகாட்டியின் வடமுனையைக் குறிக்கும் அந்த மூவிதழ் வடிவந்தான் இன்றைக்கும் உலகெங்கும் சாரணர் சின்னமாக இருக்கிறது. ஆக, சாரணர் இயக்கம் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே அதன் சின்னம் பிறந்துவிட்டது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஒரு பரீட்சார்த்த முகாம் நடத்தினார். வந்தவர்கள் சுமார் இருபது பேர். பணக்காரப் பாடசாலைப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். அவர்களுக்குப் பித்தளைச் சின்னம் கிடைத்தது. சோதனையில் தேறியவர்களுக்கு 'தயாராயிரு' என்று பொறித்த சுருள்பட்டை அதற்குக் கீழே சேர்ந்தது. மறுவருடம் ஜனவரி தொடங்கிப் பதினைந்து நாளுக்கொன்றாக, நாலு பென்ஸ் விலையில், ஆறு பகுதிகளாக அவருடைய 'ஸ்கவுட்டிங் ஃபோர் போய்ஸ்' வெளிவந்தது. படிநிலைகளும் அவற்றுக்கான சோதனைகளும் அச்சேறியது அதில்தான்.

முதற்படி டெண்டர்ஃபுட். அமெரிக்க மேற்குப் பகுதிக்குப் புதிதாக வந்து, கால் இன்னும் கல்லுக்கும் முள்ளுக்கும் பழகாதவனை அங்குள்ளவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். சாரணர் சட்டமும் சில முடிச்சுகளும் கொடியின் அமைப்பும் தெரிந்தால் போதும், சேர்ந்துவிடலாம்.

இரண்டாந்தரத்துக்கு வந்தால்தான் சங்கதி. முதலுதவி தெரிய வேண்டும். திசைகாட்டியின் 16 திசைகளும் தெரிய வேண்டும். ஒரு மைலைச் சாரண நடையில், அதாவது கொஞ்சம் ஓட்டமும் கொஞ்சம் நடையுமாக, 12 நிமிடத்தில் கடக்க வேண்டும். இரண்டே நெருப்புக் குச்சியில் தீ மூட்ட வேண்டும். கால் இறாத்தல் இறைச்சியையும் இரண்டு உருளைக்கிழங்கையும் வீட்டுச் சட்டிபானை எதுவுமில்லாமல் சமைக்க வேண்டும். அதோடு சேமிப்பு வங்கியில் ஆறு பென்ஸ் இருக்க வேண்டும். இதை எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினபோது ஒருவன் எழும்பி, "சேர், வட்டி ஹராம் இல்லையா?" என்று கேட்டான். பேடன் பவல் பார்த்தது வட்டியை அல்ல, செலவழிக்காமல் மிஞ்சிய சல்லியை; உண்டியலில் போட்டாலும் பாஸ்தான் என்று சொல்லித் தப்பித்தேன்.

முதலாந்தரம் இன்னும் கடினம். 50 யார் நீந்துவது, வரைபடம் வாசிப்பது, கோடரி பிடிப்பது எல்லாம் அதில் உண்டு. ஏழு மைல் தொலைவுள்ள ஓரிடத்துக்குக் கால்நடையாகவோ படகு வலித்தோ போய்த் திரும்பி, கண்டதை எழுதிக் கொடுக்கவும் வேண்டும். இந்தப் பட்டியலில் என்னை நிறுத்திவைப்பது இன்னொரு நிபந்தனை: தானே பயிற்றிய ஒரு புதுமுகத்தை டெண்டர்ஃபுட்டாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இன்னொருவனை ஏற்றிவிடாதவனுக்கு மேற்படி இல்லை.

1909இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் அனுமதியோடு அரச சாரணர் என்ற உச்சநிலை வந்தது. முதலாந்தரச் சாரணன் பொதுப்பணிக்கு உதவும் சில திறமைச் சின்னங்களையும் பெற்றால் அந்தப் பட்டம்.

அமெரிக்கர்கள் இந்த விதையை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டமே போட்டார்கள். அங்கே இயக்கம் தொடங்கியது 1910இல்; மறுவருடக் கைநூலில் 57 திறமைச் சின்னங்கள். தேனீ வளர்ப்பு, கொல்லு வேலை, சுரங்கத் தொழில் எல்லாம் இருந்தன. 'கண்டுபிடிப்பு' என்றும் ஒரு சின்னம். அதற்குப் பையன் உண்மையாகவே ஒரு பொருளைக் கண்டுபிடித்துக் காப்புரிமை எடுக்க வேண்டுமாம்! சில வருடங்களில் அதைக் கைவிட்டார்கள். கைவிடாமல் என்ன செய்வது? 21 சின்னம் பெற்றவன் கழுகுச் சாரணன். 1912இல் நியூயோர்க் மாநிலத்தின் ஆதர் எல்ட்ரெட் என்ற 17 வயதுப் பையன் முதற் கழுகானான். இந்தப் படியில் அவனுக்கு முன் எவரும் ஏறாததால் இயக்கத்தின் பெரிய தலைகளே அமர்ந்து அவனைக் குடைந்து கேட்டார்கள். இன்றைக்கும் அந்த எண் 21தான். 18 வயதுக்குள் முடிக்க வேண்டும்.

அதே 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் இலங்கையின் முதற் சாரணர் குழுவைத் தொடங்கினார். சோதனைகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை, பட்டமும் அங்கிருந்து வந்ததே. மாத்தளைப் பையன் எவ்வளவு ஏறினாலும் உச்சியில் நின்றது ஆங்கில மன்னரின் முடி. 1952க்குப் பிறகு அது ராணி சாரணர் ஆனது. சுதந்திரம் கிடைத்த பிறகும் அந்த முடி கையிலிருந்து இறங்கவில்லை. 1953இல் உலக அமைப்பில் இலங்கை தனி உறுப்பு நாடாகச் சேர்ந்தது. 1972இல் நாடு குடியரசானதும்தான் ஜனாதிபதி சாரணர் வந்தார்.

பெயர் மாறியது நல்லதே. ஆனால் வேறொன்றும் மாறியிருக்கிறது. திறமைச் சின்னத்துக்கு அளவுகோல் எவ்வளவு தெரியும் என்பதல்ல, பிள்ளை எவ்வளவு பாடுபட்டான் என்பதே என்று பேடன் பவல் திரும்பத் திரும்ப எழுதினார். கெட்டிக்காரன் சுலபமாகச் செய்வதும் மந்தமானவன் முட்டி மோதிச் செய்வதும் ஒரே தராசில் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. இப்போது எங்கள் கைக்கு வரும் பதிவேடுகள் அழகானவை. வர்ணப் பேனை, ஒட்டிய படங்கள், பிழையில்லாத வசனம். பாதிக்கு மேல் உம்மாவின் கையெழுத்து. "நேர்முகத் தேர்வுக்குச் சேர்ட்டிபிகேட் தேவை, சேர், கொஞ்சம் சைன் பண்ணித் தாங்களே" என்று வாசலில் வந்து நிற்கும் வாப்பாமாரை நான் குறைசொல்ல மாட்டேன். புள்ளிக் கணக்கில் பிள்ளையை எடைபோடும் உலகம் அவர்களைத் துரத்துகிறது. கேட்டவுடன் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

போன மாரியில் ஒருநாள் அந்தப் பழைய சோதனையையே வைத்துப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு குச்சி. அழகான பதிவேட்டுக்காரர்கள் ஐந்து பேரின் குச்சியும் ஈரத்தில் அணைந்தது. மந்தமானவன் என்று வகுப்பில் பெயரெடுத்த ஒருவனுக்கும் அப்படியேதான். மறுகிழமை அவன் மட்டும் கேட்காமலே வந்தான், தோற்றான். மூன்றாங்கிழமை வீட்டு அடுப்படியில் காயவைத்த தென்னம் பாளையையும் தும்பையும் சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். முதற் குச்சி அணைந்தது, இரண்டாவது பிடித்தது. கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தேன். அவன் பதிவேட்டைத் தரவில்லை. பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்புப் பொடியனிடம் மிச்சத் தும்பைக் கொடுத்து, எப்படி அடுக்குவதென்று காட்டிக்கொண்டிருந்தான்.