குடத்தில் இருக்கிறது சான்று: பழைய மரப் புரொப்பெல்லர்களை அடையாளம் காணல்

அமெரிக்கப் பண்ணை ஒன்றின் களஞ்சியத்துக்குப் பின்னால், வெயிலிலும் மழையிலும் வெளிறிக் கிடக்கும் மரப் புரொப்பெல்லரைக் கண்டெடுப்பவர் அதை முதல் உலகப்போர் விமானத்துக்கு உரியது என்று சொல்லிவிடுவது வழக்கம். தோற்றத்தை நம்பி எட்டும் இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. அலகுகளைவிட, அவை சேரும் நடுக்குடமே வலுவான சான்று.

அதற்கு முன், பொருள் விமானத்தினுடையதுதானா என்று பார்க்க வேண்டும். 1930களில் மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணைகளில் வானொலி பேட்டரிக்கு மின்னேற்றச் சிறு காற்றாடிகள் சுழன்றன. அயோவா மாநிலத்தின் வின்சார்ஜர் நிறுவனம் அவற்றைப் பெருமளவில் விற்றது. இரட்டை அலகு கொண்ட அந்த மரக் காற்றாடி புரொப்பெல்லரைப் போலவே தோன்றும். ஆனால் வேறுபாட்டைக் கையால் தடவியே அறியலாம். அலகின் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கும். தடித்து உருண்ட விளிம்பே முன்விளிம்பு. விமானப் புரொப்பெல்லரில் அது புடைத்த பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும், காற்றாடியில் தட்டைப் பக்கம் நோக்கி. முன்னது காற்றைத் தள்ளுவது, பின்னது காற்றால் தள்ளப்படுவது என்பதே காரணம்.

இனி குடம். அலகில் ஒட்டிய வணிக முத்திரை மழையில் அழிந்துவிடும். குடத்து மரத்தில் அடித்துப் பதித்த எழுத்து எளிதில் அழியாது. வரைபட எண், விட்டம், பிட்ச், எஞ்சினின் பெயர், குதிரைத்திறன் ஆகியவை அங்கே கிடைக்கக்கூடும். தயாரிப்பாளர் பெயர் கருடா, ஹைனே என்றிருந்தால் ஜெர்மன் பட்டறை. ஷோவியேர் என்றால் பிரெஞ்சு.

எழுத்து தேய்ந்திருந்தாலும் பிட்சைக் கணக்கிட முடியும். மையத்திலிருந்து 36 அங்குலத்தில் அலகின் சாய்வு 20 பாகை என்றால், அந்த ஆரத்தின் சுற்றளவை 20 பாகையின் டேஞ்சென்ட்டால் பெருக்க, ஏறத்தாழ 82 அங்குலம் வரும். ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் கோட்பாட்டளவில் முன்னேறும் தொலைவாகிய பிட்ச் இதுவே.

எஞ்சினின் பெயரைப் படிக்கும்போதுதான் ஆய்வாளரும் தடுமாறுகிறார். குடத்தில் ஓஎக்ஸ்-5 என்று கண்டதும் கர்டிஸ் ஜேஎன்-4 ‘ஜென்னி’ விமானம் என்று எழுதிவிடுகிறார். 90 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் முதல் உலகப்போருக்குப் பின் உபரியாக மலிவாய்க் கிடைத்தது. 1920களின் வேகோ 10, டிராவல் ஏர் 2000 போன்ற விமானங்களும் அதே எஞ்சினால் பறந்தன. பொறிப்பு எஞ்சினை உறுதிசெய்கிறது. விமானத்தைச் சொல்ல விட்டமும் வரைபட எண்ணும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

மரவகை வலுவற்ற சான்று. வால்நட், மஹோகனி இரண்டையும் பல நாட்டுப் பட்டறைகள் பயன்படுத்தின. அடுக்குகள் பிரிந்திருப்பதும் முதுமைக்கு அடையாளமன்று. மர அடுக்குகளை ஒட்டும் விலங்குப் பசை ஈரத்தில் இளகும்.

குடத்துப் பொறிப்பே முதன்மைச் சான்று என்பதால், கண்டெடுப்பவர்கள் உப்புத்தாளையும் வார்னிஷையும் தொடவே கூடாது. மழைக்குத் தாங்கிய பொறிப்பும் உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடக்கூடும். சாய்ந்த ஒளியில் குடத்தைப் படமெடுங்கள். நடுத்துளையின் விட்டம், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே அருங்காட்சியகத்தை அணுகுங்கள்.