தாய்க்கரைசலின் ஈரம்

புறத்தே பட்டை தீட்டிய மணிபோல் ஒளிரும் படிகம் அகத்தேயும் ஒழுங்குடையதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. புரதப் படிகங்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

கற்கண்டும் உப்பும் காய்ந்தாலும் ஒழுங்கு குலையாதவை. புரதப் படிகமோ தன் பருமனில் ஏறத்தாழப் பாதியை நீராகவே கொண்டது. 1934-க்கு முன்னர் ஆய்வாளர்கள் அதனை உலர்த்தியே எக்ஸ் கதிரில் வைத்தனர். படத்தில் மங்கிய கறையே விழுந்தது. புரதத்திற்குத் திட்டமான உருவமே இல்லையோ என்னும் ஐயமும் அந்நாளில் நிலவியது.

1934-இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் ஜான் ஃபில்பாட் வளர்த்த பெப்சின் படிகங்கள், தாம் விளைந்த கரைசலோடேயே கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னாலை வந்தடைந்தன. வெளியே எடுத்த படிகம் தன் ஒளியியல் பண்பை விரைவில் இழப்பதை அவர் நுண்ணோக்கியில் கண்டார். எனவே தாய்க்கரைசலின் ஈரத்தோடு மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் அதனை அடைத்துக் கதிரைச் செலுத்தினார். படத்தில் கூரிய புள்ளிகள் தோன்றின. அவரும் பின்னாளில் ஹாட்ஜ்கின் எனப் புகழ்பெற்ற டோரதி குரோஃபூட்டும் அதே ஆண்டில் 'நேச்சர்' இதழில் இதனை அறிவித்தனர். புரதத்திற்கு உருவம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆயினும் அவ்வுருவத்தை வரைந்து காட்டுதல் 1958-இல் ஜான் கெண்ட்ரூ ஆராய்ந்த மயோகுளோபினில்தான் முதன்முதல் கைகூடியது.

அடுத்த இடர் கதிரிடமிருந்தே வந்தது. உயிரணுவில் புரதத்தை ஆக்கும் ரைபோசோமை 1980-இல் அடா யோனத் பெர்லினில் படிகமாக்கினார். கதிர் பட்டதும் அப்படிகங்கள் விரைந்து சிதைந்தன. அவற்றைக் குளிர்விக்கலாம், ஆனால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியானால் ஒழுங்கு உடைந்துவிடும். எண்பதுகளில் ஹோகோன் ஹோப்பின் துணையோடு, சுழியத்திற்குக் கீழ் 180 பாகை செல்சியசையும் கடந்த குளிரில் நொடிப்பொழுதில் ஆழ்த்தி, அந்நீரைக் கண்ணாடிபோல் இறுகச் செய்தனர். படிகத்தின் ஆயுள் நீண்டது.

மூன்றாம் இடர் மூலப்பொருளில் இருந்தது. ரைபோசோமின் சிறுகூறில் எஸ்1 என்னும் புரதம் தளர்வாக ஒட்டியிருக்கும். சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இராது. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழுவினர் அதனை முன்னரே நீக்கி, எல்லாம் ஒரே தன்மையவாகச் செய்தபின் படிகமாக்கினர். ஒத்தவையே ஒழுங்காக அடுக்கும் அன்றோ! 2000-இல் ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் அச்சிறுகூறின் உருவம் வெளிப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சில அதில் எங்கே பற்றுகின்றன என்பதும் தெரிந்தது. 2009-இல் நோபல் பரிசை இவர், யோனத், தாமஸ் ஸ்டைட்ஸ் மூவரும் பகிர்ந்துகொண்டனர்.

கறை என்று கழிக்கப்பட்ட படங்களின் பொருளிலும் ஒழுங்கு இருந்தே இருந்தது. காண்பவர் கைபட்டு அது உலர்ந்திருந்தது, அவ்வளவே.