ஜாம் போத்தலும் விஞ்ஞான பாடமும்

எமது கல்லூரியின் நூறாண்டு வரலாற்றில் 1990 முதல் 1995 வரையான காலத்துக்குப் புகைப்படங்கள் மிகக் குறைவு. அந்த ஆண்டுகளில் எமது விஞ்ஞான வகுப்பில் நடந்தவற்றை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் வரவில்லை; மண்ணெண்ணெய் எட்டாத விலையில் விற்றது. ஆய்வுகூடத்து இரசாயனப் போத்தல்களும் ஒவ்வொன்றாக வெறுமையாகின.

பாசிச்சாயத் தாள் முடிந்தபோது எங்கள் ரீச்சர் செவ்வரத்தம்பூவைக் கொதிநீரில் ஊறவைத்தார். அந்தச் சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டால் சிவந்தது. சவர்க்கார நீர் விட்டால் பச்சையானது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்ட நீருக்குள் பப்பாசி இலைக்காம்பால் ஊதினோம். நீர் பால்போல் கலங்கியது.

அப்போது வீடுதோறும் ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் பஞ்சு, சில கரண்டி மண்ணெண்ணெய், கம்பியில் நிற்கும் சிறுதிரி. "இதே எண்ணெயில் இன்னும் கொஞ்சநேரம் எரிய என்ன செய்யலாம்?" என்று ரீச்சர் கேட்டார். விடையை அவர் சொல்லவில்லை. சமஅளவு எண்ணெய் விட்டு, திரியின் தடிப்பை மட்டும் மாற்றி, மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற பரிசோதனை விதி அப்படித்தான் எமக்கு விளங்கியது.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, தைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. தைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். பழுதடைந்த றேடியோவிலிருந்து கழற்றிய நான்கு இருவாயிகளை இணைத்து அதை மாற்றியபோது, புத்தகத்துப் படம் எங்கள் மேசையில் பாடியது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வுடன் அந்த வகுப்பும் கலைந்தது.

வைத்தியராகிய பின்னரும் அந்தப் பழக்கம் கைகொடுக்கிறது. இழுப்பு நோயுள்ள பிள்ளைக்கு ஸ்பேசர் இல்லாதவிடத்து, 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்தலாம். பெரிய துளிகள் போத்தலில் தங்கிவிட, நுண்துளிகள் நுரையீரலுக்குச் செல்லும். ஆய்வுகள் ஏற்றுக்கொண்ட முறை இது.

இதனால் பஞ்சத்தைப் புகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். பயமும் பசியும் எவருக்கும் விஞ்ஞானம் கற்பிப்பதில்லை. படிப்பை இடையில் விட்ட தோழியர் எத்தனையோ பேர். எம்மைச் சிந்திக்க வைத்தது இல்லாமை அல்ல, ரீச்சரின் கேள்வி.

இன்று பழைய மாணவியரின் உதவியால் கல்லூரியில் திறன் பலகையும் புதிய உபகரணங்களும் உள்ளன. மகிழ்ச்சி. ஆனால் திரையில் பார்த்த பரிசோதனை கையால் செய்ததாகாது. ஆய்வுகூடத்தில் ஒரு மேசையைப் பழுதான றேடியோ, கம்பி, போத்தல், திருகாணி ஆகியவற்றுக்கென ஒதுக்குவோம். கழற்றவும் பூட்டவும் பிழைவிடவும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை கொடுப்போம். அதற்குப் பெருந்தொகை தேவையில்லை. விடையைச் சற்றுத் தாமதித்துச் சொல்லும் ஆசிரியை ஒருவர் போதும்.

கல்லூரி அன்னையின் அடுத்த நூற்றாண்டும் அத்தகைய கேள்விகளால் சிறக்கட்டும்.