பராமரிப்பு ஆணை மீறல் (மலேசியா)

மணமுறிவுக்குப் பின் பிள்ளை யாரிடம் வளர வேண்டும், மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம் என்று நீதிமன்றம் இட்ட ஆணையைத் தாயோ தந்தையோ மீறுவது. முஸ்லிம் அல்லாதோருக்கு இவ்வாணை, 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள 1976ஆம் ஆண்டு திருமண, மணமுறிவுச் சட்டத்தின் 88ஆம் பிரிவில் பிறக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்பது அப்பிரிவின் தொடக்க அனுமானம்.

மலேசியத் தமிழரிடையே இப்பொருளைப் பேசுவோர் எவரும் ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கைத் தொடாமல் நகர்வதில்லை. 2009இல் இஸ்லாத்தைத் தழுவிய அவருடைய கணவர், தாயைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையான கடைசி மகளைத் தூக்கிக்கொண்டு போனார். ஷரியா நீதிமன்றம் தந்தை பக்கம் நின்றது. 2010 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் மூவரையும் தாயிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. குழந்தை வரவில்லை. 2014 மே மாதம் தந்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என முடிவாகி, கைது ஆணை பிறந்தது. இரண்டு நீதிமன்றங்களின் ஆணைகள் முரண்படுவதாகக் கூறிப் போலீஸ் ஒதுங்கியது. குடியியல் சட்டப்படி நடந்த திருமணத்தில் குடியியல் நீதிமன்றத்தின் ஆணையே செல்லும். முரண் என்பது சாக்குதான். 2016 ஏப்ரல் 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், கைது ஆணையை நிறைவேற்றுமாறு தேசிய போலீஸ் படைத் தலைவரைப் பணித்தது. 2018 ஜனவரி 29 அன்று அதே நீதிமன்றம், தாயின் இசைவு இல்லாத அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்த்தது.

ஆணை மீறப்பட்டால், சுபாங் ஜெயா போன்ற சிலாங்கூர் நகர்களில் உள்ளோர் பெரும்பாலும் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தை நாடுவர். மீறல் நடந்த நாள், நேரம், குறுஞ்செய்திகளைக் குறித்துவைத்துப் போலீஸ் புகார் செய்வது முதல் வேலை. அவமதிப்பு மனு தொடுக்க, பணியாவிட்டால் சிறை என்ற எச்சரிக்கைக் குறிப்புடன் ஆணை மற்றவர் கையில் நேரில் சேர்ந்திருக்க வேண்டும். பல மனுக்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகும் அச்சம் இருந்தால் அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவில் தடை கோரலாம். பதிலுக்குப் பிள்ளையின் செலவுத் தொகையை நிறுத்துவதோ பள்ளி வாசலில் பிள்ளையைப் பறிப்பதோ கூடாது.

கைது ஆணையை நிறைவேற்றாததற்காகப் போலீஸ் மீது இந்திரா தொடுத்த வழக்கை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்போதும் கடைசி மகள் தாயிடம் திரும்பியிருக்கவில்லை.