கார்த்திகேசு, ரெ.

மலேசிய வானொலி, தொலைக்காட்சி ஊடகர், பேராசிரியர், எழுத்தாளர் (1940–2016). கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியை அடுத்த பீடோங்கில் பிறந்தார். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த சிற்றூர் அது. பாடகரும் கவிஞருமான ரெ. சண்முகம் இவருடைய அண்ணன்.

மலேசிய வானொலியில் ஒலிபரப்பாளராகத் தொடங்கி, தொலைக்காட்சியிலும் பணியாற்றினார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலையும், இங்கிலாந்தின் லெஸ்டரில் முனைவர் பட்டமும் பெற்றார். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் சாதனத் துறையில் பல்லாண்டு கற்பித்துப் பேராசிரியரானார். மைக்கின் முன் இருந்து பழகியவரே ஊடகக் கோட்பாடு நடத்தியது மாணவர்களின் அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும்.

இவருடைய முதன்மையான ஆய்வுநூல் மலாயில் எழுதப்பட்டது. டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்னும் பதிப்பு நிறுவனம் 1994இல் அதை வெளியிட்டது. நாட்டில் தொலைக்காட்சி அறிமுகமான 1963 முதல் 1983 வரையிலான வரலாற்றைச் சொல்வது. 1984இல் தனியார் அலைவரிசையான டிவி3 வந்தது. ஆகவே அரசே ஒற்றை ஒளிபரப்பாளராக இருந்த காலம் முழுவதும் இந்நூலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டு வரம்பு தற்செயலாகத் தோன்றவில்லை.

தமிழ் வாசகர்கள் இவரை அறிவது பெரும்பாலும் புனைகதைகளால்தான். ‘வானத்து வேலிகள்’, ‘தேடியிருக்கும் தருணங்கள்’, ‘காதலினால் அல்ல’, ‘சூதாட்டம் ஆடும் காலம்’ ஆகியவை நாவல்கள். நோயையும் மரணத்தையும் நேர்நின்று பார்க்கும் ‘அந்திம காலம்’ இவருடைய நாவல்களுள் தனித்து நிற்பது. ‘ஊசி இலை மரம்’ சிறுகதைத் தொகுப்பு. இலக்கிய விமர்சனமும் எழுதினார். 2016 அக்டோபரில் காலமானார்.